இரண்டு கைகள் செய்யும் தரை

புது வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் கடையில் செலவிடும் நேரத்துக்குக் கணக்கே இல்லை. இரண்டுக்கு இரண்டா, நான்குக்கு இரண்டா, பளபளப்பா, மேட்டா, சந்தன நிறமா, சாம்பல் நிறமா என்று குடும்பமே கூடிப் பேசும். பெட்டிகள் வீட்டில் வந்து இறங்கிய பிறகு, அவற்றைப் பதிக்க யார் வருகிறார் என்ற கேள்விக்கு மட்டும் ஐந்து நிமிடம்தான். சதுர அடிக்கு எவ்வளவு என்று விசாரித்து, குறைவாகச் சொன்னவரை வரச் சொல்லிவிடுகிறோம். 4,600 ஆண்டுகளாக இந்தப் பொருள் வந்த வழியைத் தெரிந்துகொண்டால், அந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கத் தோன்றும். சூளையிலிருந்து வெளியே வரும்போது டைல் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதியை அதைப் பதிக்கிறவர் முடிக்கிறார். ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்ததால் டைல் ஊர் ஊராகப் போனது. பதிக்கத் தெரிந்த கை இருந்ததால் போன இடத்தில் நிலைத்தது.

நகலெடுக்கும் குணம் டைலுக்குப் பிறவியிலேயே வந்தது. எகிப்தின் சக்காராவில், மன்னர் ஜோசருக்காகக் கி.மு. 2650 வாக்கில் எழுந்த படிக்கட்டுப் பிரமிடுக்கு அடியில் நிலவறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களில் நீலப்பச்சை நிறத்தில் சுமார் 36,000 சிறு டைல்ஸ் பதிக்கப்பட்டன. சுவரில் தொங்கும் நாணல் பாயின் தோற்றத்தை அவை அப்படியே காட்டின. நாணல் மக்கிவிடும், மறுமையில் வாழப்போகிற மன்னருக்கு மக்காத பாய் தேவைப்பட்டது. களிமண்ணுக்குப் பதிலாகப் பொடித்த படிகக்கல்லைப் பிசைந்து சுட்டார்கள். இன்னும் வியப்பானது அவற்றின் முதுகுப்பக்கம். ஒவ்வொரு டைலின் பின்னாலும் ஒரு புடைப்பும் அதில் ஒரு துளையும் உண்டு. துளையில் கயிறு கோத்துச் சுவரோடு இழுத்துக் கட்டி, சாந்து வைத்து நிறுத்தினார்கள். கழன்று விழாமல் எப்படி நிறுத்துவது என்ற கவலை டைலோடு சேர்ந்தே பிறந்திருக்கிறது.

இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, பாபிலோனில் அந்தக் கவலை ஒரு பெரிய நிர்வாகப் பிரச்சினையாக வளர்ந்தது. இரண்டாம் நெபுகத்நேசர் கி.மு. 575 வாக்கில் கட்டிய இஷ்தார் வாயிலில் காளைகளும் டிராகன்களும் நீல நிறப் பின்னணியில் புடைத்து நிற்கும். ஒவ்வொரு விலங்கும் பல செங்கற்களில் துண்டு துண்டாகச் செய்யப்பட்டுச் சுடப்பட்டது. ஒரு கல் இடம் மாறினாலும் காளையின் கால் கழுத்துக்குப் போய்விடும். அதனால் எந்தக் கல் எந்த வரிசையில், எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று காட்டும் அடையாளக் குறிகளைக் கற்களில் இட்டார்கள். செய்தவர் பதிப்பவருக்கு எழுதிய கடிதங்கள் அவை. 1899இல் ராபர்ட் கோல்டெவே அங்கே அகழத் தொடங்கினார். உடைந்த துண்டுகள் பெட்டி பெட்டியாகக் கப்பலேறின. பெர்லினில் உப்புப் போக ஊறவைத்து, துண்டுக்குத் துண்டு பொருத்தி, 1930இல் வாயிலை மறுபடி நிறுத்தினார்கள்.

அடுத்த பெரிய திருப்பத்துக்குக் காரணம் சீனாவின் வெண்பீங்கான். 9ஆம் நூற்றாண்டில் அது அப்பாசியர் ஆண்ட ஈராக்குக்குக் கடல் வழியாக வந்துகொண்டிருந்தது. அந்த வணிகத்தின் அளவை இந்தோனேசியாவின் பெலிட்டுங் தீவருகே 1998இல் கிடைத்த ஒரு கப்பல் காட்டிக்கொடுத்தது. அரபு முறையில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அந்தக் கப்பலில் சுமார் 60,000 சீனப் பீங்கான்கள் இருந்தன. அப்படி வந்திறங்கிய வெண்மையைக் கண்டு பாஸ்ராவின் குயவர்கள் மயங்கினார்கள். ஆனால் பீங்கானுக்குரிய வெள்ளை மண் அவர்கள் ஊரில் இல்லை. மஞ்சள் பாய்ந்த தங்கள் மண்ணின் மேல் பூசும் மெருகில் வெள்ளீயத்தைக் கலந்து பார்த்தார்கள். மெருகு பால்போல் வெளுத்து, அடியில் இருந்த மண்ணை மறைத்துவிட்டது. அந்த வெள்ளைப் பரப்பில் கோபால்ட் நீலத்தால் ஓவியம் தீட்டினார்கள். உலோகம்போல் மின்னும் வண்ணங்களையும் கண்டுபிடித்தார்கள். பீங்கானை நகலெடுக்கப் போனவர்கள், பின்னாளில் ஐரோப்பா முழுவதும் ஓவியம் வரையப்போகும் ஒரு வெள்ளைப் பலகையைத் தயாரித்துவிட்டார்கள்.

அது விரைவில் பயணம் கிளம்பியது. இன்றைய துனிசியாவில் உள்ள கைருவான் பெரிய பள்ளிவாசலில், தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தைச் சுற்றி 9ஆம் நூற்றாண்டின் மின்னும் டைல்ஸ் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி பாக்தாதிலிருந்து வந்தது என்றும், பாக்தாதைச் சேர்ந்த ஒருவர் மீதியை அங்கேயே செய்தார் என்றும் பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. வந்த சரக்கு போதவில்லை, செய்யத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. தூரத்துப் பொருளோடு தூரத்து மனிதரும் வந்து சேர்கிற கதை அங்கே தொடங்குகிறது.

பாரசீகத்தின் காஷான் நகரம் இந்தக் கலையின் தலைநகராக வளர்ந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் குயவுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம், மெருகு கலக்கும் முறைகளை 1301இல் ஒரு நூலில் எழுதி வைத்தார். தொழில் ரகசியம் வீட்டுக்கு வெளியே போவதற்கு எழுத்து ஒரு வழி என்றால், போர் இன்னொரு வழி. தைமூர் தான் வென்ற ஊர்களிலிருந்து கைவினைஞர்களைச் சமர்கண்டுக்கு அள்ளிக்கொண்டு போனார். துருக்கியின் பூர்சாவிலிருந்து அப்படிக் கொண்டுபோகப்பட்டவர் நக்காஷ் அலி என்ற ஓவியர். அவர் திரும்பி வந்த பிறகு பூர்சாவின் பச்சைப் பள்ளிவாசலை அலங்கரிக்கும் பணியை மேற்பார்த்தார். 1424இல் அது முடிந்தது. அங்கே டைல் வேலை செய்தவர்கள், தாங்கள் தப்ரீஸ் நகரத்து ஆசான்கள் என்று சுவரிலேயே பொறித்து வைத்தார்கள். பெரும்பாலும் அரசர்களுக்கே கிடைத்த கல்வெட்டு மரியாதையை டைல்ஸ் பதித்தவர்கள் தமக்குத் தாமே எடுத்துக்கொண்ட இடம் அது. வட இந்தியாவுக்கும் இந்தக் கலை வந்தது. குவாலியர் கோட்டையில் மான்சிங் அரண்மனையின் வெளிச்சுவரில் நீல வரிசைகளாகவும், ஆக்ராவில் ஷாஜகானின் அமைச்சர் அப்சல் கானுடைய கல்லறை மாளிகையில் பாரசீகப் பூவேலையாகவும் அதைப் பார்க்கலாம்.

மேற்கே ஸ்பெயினில் பதிப்பவரின் உழைப்பு உச்சத்தைத் தொட்டது. கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் ஒரே நிற டைல்ஸை உளியாலும் சுத்தியாலும் நட்சத்திரமாகவும் பட்டையாகவும் வெட்டி, துண்டு துண்டாக இணைத்திருக்கிறார்கள். ஒரு சுவரை முடிப்பதற்குள் வெட்டுபவரின் கண்ணும் கையும் படாத பாடு பட்டிருக்கும். செவில் நகரத்துக் குயவர்கள் இந்த உழைப்பைச் சுருக்க ஒரு வழி கண்டார்கள். வெட்டிச் சேர்த்த துண்டுகளின் கோலத்தை ஒரே டைலில் அச்சாக அழுத்தி, வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் இடையில் மெல்லிய வரப்பு விட்டார்கள். பத்துத் துண்டு வேலை ஒரு துண்டில் முடிந்தது. போர்ச்சுகல் மன்னர் முதலாம் மானுவேல் 1498இல் ஸ்பெயினுக்குப் போனவர், அங்கே கண்ட சுவர்களில் மனதைப் பறிகொடுத்தார். சிந்த்ராவில் இருந்த தன் அரண்மனைக்குச் செவில் டைல்ஸை வரவழைத்தார். போர்ச்சுகல் ஒரு டைல்ஸ் நாடாக மாறுவதற்கு அந்த விருந்தினரின் ஆசைதான் வித்து.

அதே காலத்தில் பீசாவைச் சேர்ந்த நிக்குலோசோ என்ற இத்தாலியர் செவிலில் வந்து குடியேறினார். வரப்புகளே வேண்டாம், வெள்ளை மெருகின் மேல் தூரிகையால் நேரே வரையலாம் என்று காட்டினார். அவர் 1504இல் செய்த டைல்ஸ் பலிபீடம் செவில் அரண்மனையின் சிற்றாலயத்தில் இருக்கிறது. வேறு இத்தாலியர்கள் வடக்கே ஆண்ட்வெர்ப்பில் பட்டறை போட்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதப்போர் வெடித்து, 1585இல் ஆண்ட்வெர்ப் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்தது. குயவர்கள் பலர் ஹார்லெம், ராட்டர்டாம், டெல்ஃப்ட் என்று வடக்கே ஓடினார்கள். அதற்கு முன்பே இருவர் கடல் கடந்து இங்கிலாந்தின் நார்விச்சில் இறங்கியிருந்தார்கள். பாஸ்ராவில் பிறந்த வெள்ளை மெருகு, ஏழு நூற்றாண்டு அலைந்து, அகதிகளின் கையோடு ஹாலந்துக்கு வந்து சேர்ந்தது.

அங்கே ஒரு கடற்கொள்ளை அதற்காகக் காத்திருந்தது. 1603இல் சிங்கப்பூர் அருகே சான்டா கட்டரீனா என்ற போர்ச்சுகீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதிலிருந்த சீனப் பட்டும் பீங்கானும் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தன. கப்பலைப் பிடித்தது முறைதானா என்ற வாதத்துக்கு விடை சொல்ல டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் ஹ்யூகோ குரோஷியஸ் என்ற இளம் வழக்கறிஞரை அமர்த்தியது. கடல் எல்லாருக்கும் பொது என்ற அவரது வாதம் 1609இல் நூலாக வெளிவந்து, பன்னாட்டுச் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்றாக ஆனது. ஏலத்தில் போன நீல வெள்ளைப் பீங்கான் இன்னொரு பக்கம் ஹாலந்தின் ரசனையையே மாற்றியது. எல்லாருக்கும் அது வேண்டும். எல்லாராலும் அதை வாங்க முடியாது. உள்ளூர்க் குயவர்கள் அந்தக் குறையைத் தீர்க்க வந்தார்கள். டெல்ஃப்டில் அப்போது மதுவடிப்பாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. காலியான அந்தப் பெரிய கட்டடங்களில் சூளைகள் எரியத் தொடங்கின. நீல வெள்ளைப் பாண்டங்களுக்கு ஊர் பெயரெடுத்தது. டைல்ஸின் பெரும்பகுதியோ ராட்டர்டாமிலும் ஹார்லிங்கெனிலும் தயாரானது, பெயர் மட்டும் டெல்ஃப்டுக்குப் போனது.

அதுவரை அரண்மனையிலும் வழிபாட்டிடத்திலும் இருந்த டைல் பெருமளவில் சாதாரண வீட்டின் அடுக்களைக்கு வந்தது ஹாலந்தில்தான். ஈரம் ஏறும் சுவர் அடியில், தரை துடைக்கும்போது அழுக்குப் படாமலிருக்க ஒரு வரிசை. அடுப்பங்கரையில் புகைக்கரியைத் துடைத்தெடுக்க ஒரு சுவர் முழுக்க. நம் வீடுகளில் இன்று ஸ்கர்ட்டிங் என்று ஒட்டும் அந்த நான்கங்குலப் பட்டையின் மூதாதை அதுதான். துலிப் மலர், பாய்மரக் கப்பல், பம்பரம் விடும் சிறுவன் என்று ஓவியங்கள் எளிமையானவை. அவை கப்பலேறி உதய்பூர் அரண்மனையின் சீனச் சித்திரசாலை வரை வந்தன. அதே 18ஆம் நூற்றாண்டில் கொச்சியில் எதிர்ப்பக்கத்துப் பயணம் ஒன்று நடந்தது. டச்சு நிறுவனத்தோடு வணிகம் செய்த யூத வணிகர் எசக்கியேல் ரஹாபி, மட்டாஞ்சேரி யூத ஆலயத்தின் தரைக்குச் சீனாவிலிருந்து கையால் வரைந்த நீல வெள்ளை டைல்ஸை வரவழைத்தார். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்று அங்கே போகிறவர்களுக்கு இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

ஒன்றைப் போல் இன்னொன்று இருக்க வேண்டும் என்ற ஆசை இங்கிலாந்தில் பிறந்தது. 1756ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், லிவர்பூலில் ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இரண்டு அச்சுக்காரர்கள் ஆறு மணி நேரத்தில் 1,200க்கும் மேற்பட்ட டைல்ஸில் படம் அச்சிட்டுக் காட்டினார்கள். செதுக்கிய படத்தைத் தாளில் எடுத்து, தாளிலிருந்து டைலுக்கு மாற்றும் முறை அது. நூறு தேர்ந்த ஓவியர்கள் சேர்ந்தாலும் அந்த நேரத்தில் இத்தனையை வரைய முடியாது என்று அவர்கள் சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள், குயவர்களும் சான்றளித்தார்கள். தூரிகை பிடித்த கைக்கு அன்று வேலை குறையத் தொடங்கியது. கரணை பிடித்த கைக்கு வேலை கூடியது.

அதைவிடப் பெரிய மாற்றத்துக்கு வழிவிட்டது சட்டைப் பொத்தான். ரிச்சர்ட் பிராசர் என்பவர் 1840இல், ஈரமில்லாத களிமண் தூளை இரும்பு அச்சில் அழுத்திப் பொத்தான் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்டோக் நகரத்தில் பீங்கான் ஆலை நடத்திய ஹெர்பர்ட் மின்டன் அதைப் பார்த்ததும், பொத்தானைப் பெரிதாக்கினால் டைல் என்று கண்டுகொண்டு உரிமையில் பங்கு வாங்கினார். ஈரக் களிமண் காயும்போது சுருங்கும், முறுகும், ஓரம் வளையும். அழுத்திய தூள் அவ்வளவு சுருங்காது. ஒரே அளவில் ஆயிரக்கணக்கான டைல்ஸ் கிடைத்ததும், இடையில் விடும் கோடு ஒடுங்கியது, நூல் பிடித்து நேராக ஒட்டுவது எளிதானது. லண்டனின் நாடாளுமன்றக் கட்டடத்திலும் வாஷிங்டனின் காங்கிரஸ் மாளிகையிலும் மின்டனின் தரை இன்றும் மிதிபடுகிறது. இன்று நம் ஊர்க் கடையில் வாங்கும் டைலும் அந்தப் பொத்தானின் வழித்தோன்றல்தான். தூளை அழுத்திச் சுடும் முறை மாறவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிருமிகளைப் பற்றிய அறிவு பரவியதும், டைலுக்கு மருத்துவப் பதவி கிடைத்தது. மருத்துவமனை, பால் கடை, இறைச்சிக் கடை, கழிவறை என்று அழுக்கை ஒளித்துவைக்க முடியாத வெள்ளைச் சுவர்கள் எழுந்தன. 1904இல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் மூன்றுக்கு ஆறு அங்குல வெள்ளை டைல்ஸைச் செங்கல் வரிசையாக ஒட்டினார்கள். நிலத்துக்கு அடியில் போகப் பயந்த மக்களுக்கு, இந்த இடம் சுத்தமானது என்று சுவரே சொல்ல வேண்டியிருந்தது. அந்த அளவும் அந்த வரிசையும் இன்று நம் அடுக்களை மேடைகளுக்கு மேலே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இங்கிலாந்தின் பூவேலை டைல்ஸ் ஆசியாவில் நல்ல விலைக்குப் போனது. ஜப்பானியர்கள் அதைக் கூர்ந்து பார்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவாஜி தீவிலும் வேறு சில ஊர்களிலும் அதே தூள் அழுத்தும் முறையில், அதே புடைத்த பூக்களோடு டைல்ஸ் செய்யத் தொடங்கினார்கள். 1914இல் முதல் உலகப்போர் வந்து ஐரோப்பியச் சரக்கு நின்றபோது சந்தை அவர்கள் மடியில் விழுந்தது. சிங்கப்பூர், பினாங்கு, கல்கத்தா, பம்பாய் எங்கும் ஜப்பான் டைல்ஸ். வாங்குபவருக்கு ஏற்றபடி அச்சு மாற்றவும் அவர்கள் தயங்கவில்லை. இந்தியச் சந்தைக்காகக் கிருஷ்ணரும் லட்சுமியும் ஜப்பானியச் சூளையில் வெந்தார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்ற நகரத்தார்கள் தேக்கையும் கண்ணாடியையும் கப்பலேற்றியபோது இந்த டைல்ஸையும் ஏற்றினார்கள். காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் சுவர்களில் அவை நிறம் மங்காமல் நிற்கின்றன.

அந்த வீடுகளின் தரையில் வேறொரு நகல் பிறந்தது. ஐரோப்பியப் பூவேலைத் தரையின் அழகை, சூளையே இல்லாமல் ஆத்தங்குடிக் கைவினைஞர்கள் கொண்டுவந்தார்கள். கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூவின் வடிவில் தகட்டு அச்சு. ஒவ்வொரு அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை நேராக உயர்த்துவார்கள். மேலே மணலும் சிமெண்டும் தூவி, பிறகு கலவை வைத்து நிரப்புவார்கள். காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால், கண்ணாடியைத் தொட்டிருந்த முகம் கண்ணாடியின் வழவழப்பை வாங்கிக்கொண்டிருக்கும். சுடாத இந்தக் கல்லை மெருகேற்றுவது வீட்டாரின் பாதமும் தேங்காயெண்ணெயும்தான். பம்பாயிலும் இதே எண்ணம் சுதேசி உணர்வோடு கிளம்பியது. வெளிநாட்டுச் சரக்குக்கு மாற்றாக 1922இல் பாரத் டைல்ஸ் அங்கே சிமெண்ட் டைல்ஸ் செய்யத் தொடங்கியது. பிறகு நம் நடுத்தரக் குடும்பங்களுக்குச் சிவப்புக் காவித் தரையும் மொசைக் தரையும் வந்தன. 1958இல் இங்கிலாந்தின் ஜான்சன் நிறுவனம் இந்தியாவில் கால் வைத்தபோது, செராமிக் டைல் குளியலறையில் இடுப்பளவுக்கு வெள்ளையாக ஏறி நின்றது.

சூளைக்காரர்கள் இத்தனை மாறியும், பதிப்பவரின் கருவிகள் கரணை, தூக்குக்குண்டு, மட்டப்பலகை, நூல் என்று அப்படியே இருந்தன. அவர் உலகமும் 1950களில் அசைந்தது. பார்சிலோனாவுக்கு அருகே ரூபி என்ற ஊரில் போவாடா சகோதரர்கள் 1951இல் கையால் இயக்கும் டைல் வெட்டும் கருவியை உருவாக்கினார்கள். உளியால் தட்டித் தட்டி உடைத்த இடத்தில், ஒரு கீறல், ஒரு அழுத்தம், நேர்க்கோட்டில் இரண்டு துண்டு. அமெரிக்காவில் ஹென்றி ராத்பெர்க் என்ற வேதிப் பொறியாளர் சிமெண்டில் ரப்பர் பாலைக் கலந்து, மெல்லிய பூச்சிலேயே இறுகப் பிடிக்கும் கலவையைச் செய்து 1956இல் நிறுவனம் தொடங்கினார். ஒன்றரை அங்குலக் கலவைப் படுக்கைக்குப் பதிலாகச் சில மில்லிமீட்டர் பசை போதும் என்றானது.

தொழிற்சாலைகளோ அதைவிட வேகமாக ஓடின. இத்தாலியின் சாசுவோலோவில், பல மணி நேரம் எடுத்த சுடுதலை உருளைகள் மேல் ஓடும் சூளைகள் ஒரு மணிக்குள் முடித்தன. களிமண்ணை மேலும் அழுத்தி, மேலும் சூடாக்கி, கண்ணாடிபோல் இறுகச் செய்த வகை வந்தது. அதைத்தான் வெட்ரிஃபைடு என்கிறோம். 2000 வாக்கில் ஸ்பெயினின் காஸ்டெல்லோன் பகுதியில், தாளில் அச்சடிப்பதுபோல் டைலில் மை தெளிக்கும் இயந்திரத்தைக் கெராஜெட் என்ற நிறுவனம் கொண்டுவந்தது. இத்தாலியப் பளிங்கு, பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிப் பூ என்று எதையும் டைல் நகலெடுக்கத் தொடங்கியது. அந்த இயந்திரங்களை வாங்கி உலகச் சந்தையைப் பிடித்தது குஜராத்தின் மோர்பி. கூரை ஓடு செய்துவந்த அந்த ஊரை 1979இல் மச்சு அணை உடைந்து அடித்துச் சென்றது. 2001இல் பூகம்பம் உலுக்கியது. இரண்டு முறையும் எழுந்து, இந்தியாவின் டைல்ஸில் மிகப் பெரும்பகுதியைச் சுடும் ஊராக அது நிற்கிறது. அருகே முந்த்ரா, காண்ட்லா துறைமுகங்கள். பாஸ்ரா இருக்கும் வளைகுடாவுக்கே அங்கிருந்து டைல்ஸ் கப்பலேறுகிறது.

இங்கேதான் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தவறவிட்டன. பழைய சுவர் டைல் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அதனால் கொத்தனார்கள் டைலை ஊறவைத்து, சிமெண்டுப் பால் ஊற்றி ஒட்டினார்கள். டைல் ஈரத்தை உறிஞ்சும்போது சிமெண்டும் அதன் துளைகளுக்குள் ஏறி இறுகியது. வெட்ரிஃபைடு அரை சதவீதம்கூடக் குடிக்காது. அதன் முதுகில் சிமெண்டுக்குப் பிடிமானமே இல்லை. தலைமுறையாகக் கைகொடுத்த முறையைப் புது டைலுக்கும் அப்படியே செய்தால், சில வருடங்களில் தட்டினால் டொப் டொப் என்று வெற்றுச் சத்தம் வரும். இடையில் கோடு விடாமல் நெருக்கி ஒட்டியிருந்தால், கோடையில் நடுக்கூடத்தில் நாலைந்து டைல்ஸ் கூடாரம்போல் எழும்பி வெடிக்கும். வீட்டுக்காரர் டைலைக் குறை சொல்வார், கடைக்காரர் மேஸ்திரியைக் குறை சொல்வார். பொருள் மாறியதை அந்த மேஸ்திரிக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை என்பதுதான் உண்மை.

ஆகவே டைல்ஸ் மேஸ்திரியைத் தேடும்போது சதுர அடிக் கூலியோடு சில கேள்விகளையும் கேளுங்கள். அவர் மூன்று நான்கு வருடங்களுக்கு முன் முடித்த ஒரு வீட்டைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். புதிதாக முடித்த தரை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். எந்த டைலுக்கு எந்தப் பசை என்று கேளுங்கள். பசை மூட்டைகளில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண் இருக்கும். எந்த வகை எதற்கு என்று சொல்லத் தெரிந்தவர் தொழிலோடு வளர்ந்திருக்கிறார் என்று பொருள். பசையைப் பல்லுள்ள கரணையால் வாரி இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லப் பூசுகிறாரா, நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டிவிடுகிறாரா என்று கவனியுங்கள். பதித்த ஒரு டைலை ஈரம் காய்வதற்குள் எடுத்துப் பார்க்கச் சொல்வதில் தவறில்லை. குளியலறையானால் அதன் முதுகில் கிட்டத்தட்ட முழுவதும் பசை ஒட்டியிருக்க வேண்டும்.

குளியலறைத் தரையில் வாட்டம்தான் உயிர். குளிக்கும் இடத்தில் அடிக்குக் கால் அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தானே வடிகாலைத் தேடிப் போகும். வேலை முடிந்த அன்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதைவிட நல்ல பரிசோதனை இல்லை. டைலுக்கு அடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு முதலில் முடிய வேண்டும். டைலும் இடைக்கோட்டை நிரப்பும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுத்துவிடும் என்று நம்பக் கூடாது. நீளமான மரவடிவ டைல்ஸைச் செங்கல்போல் பாதிக்குப் பாதி மாற்றி ஒட்டச் சொல்லாதீர்கள். சூளையில் அவற்றின் நடு சற்றே வளைந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் மேடுபள்ளம் தெரியாது. பெட்டிகளில் ஷேடு எண் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பார்த்து, வெட்டிலும் உடைசலிலும் போவதற்குப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். மிஞ்சியதில் ஒரு பெட்டியைப் பரணில் வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் அந்த வடிவம் கடையில் இருக்காது.

கூலி பேசும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நாம் சதுர அடிக் கணக்கில் மட்டும் கொடுத்தால், வேகமாக முடிப்பவருக்குத்தான் லாபம். தரையை மட்டம் பார்ப்பது, அறையின் நடுவிலிருந்து நூல் பிடித்து வெட்டுத் துண்டுகள் கதவுக்கு எதிரே விழாமல் திட்டமிடுவது, ஓரங்களில் சுவரை ஒட்டி விரிவுக்கு இடம் விடுவது என்று டைலைத் தொடுவதற்கு முன்பே நல்ல மேஸ்திரி செலவிடும் அரைநாளுக்குச் சதுர அடிக் கணக்கில் இடமில்லை. அந்த அரைநாளுக்குத் தனியாகக் கூலி கொடுக்கலாம். பசைக்கு ஆகும் கூடுதல் செலவைத் தட்டாமல் ஒத்துக்கொள்ளலாம். ராஜஸ்தானிலிருந்து வந்தவராக இருந்தாலும் நம் பக்கத்துத் தெருக்காரராக இருந்தாலும், அவர் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இன்னொரு மேஸ்திரிக்குச் சித்தாளாக நின்ற நாட்களில்தான். புதுப் பொருட்களுக்கான பயிற்சியை டைல்ஸ் நிறுவனங்களும் பசை நிறுவனங்களும் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே கொண்டுவர வேண்டும்.

டைலை இன்று இயந்திரம் ஒரு மணி நேரத்தில் சுட்டுவிடுகிறது. படத்தை இன்னொரு இயந்திரம் நொடியில் தெளிக்கிறது. 4,600 ஆண்டுகளில் இயந்திரத்திடம் போகாமல் மனிதக் கையிலேயே நின்றுவிட்ட பாதி, பதிக்கும் பாதிதான். பூர்சாவில் அந்தக் கைகள் தங்கள் ஊர்ப் பெயரைச் சுவரில் பொறித்துக்கொண்டன. நம் வீட்டிலும் டைலின் நிறுவனப் பெயரை நாம் எல்லாருக்கும் சொல்கிறோம். பதித்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம். நன்றாகச் செய்தவருக்கு அடுத்த வீடு கிடைக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை, நல்ல தரை தேடும் அடுத்த குடும்பத்துக்கும் அதைவிடப் பெரிய உதவி இல்லை.